அளவைக் குறிப்பேடு, பக்கம் 41

உடையார்கட்டு. 2015 செப்டெம்பர் 14, திங்கள்.
கச்சான் காற்று. கருவியின் கால்கள் மணலில் இறங்க
இரண்டு தரம் மட்டம் பார்த்தேன்.
அந்தத் தொங்கலில் கபிலராஜ்
ஒரு கையில் கண்ணாடிக் கோல், மறு கையில் போன்,
போனுக்குள் யாரோடோ சண்டை.
"கோலை ஆட்டாதை!" என்று கத்தினேன்.
வடக்கு எல்லை: 112.436 மீற்றர்.
நேரம்: பி.ப. 3.20.

காணி புஸ்பமலருடையது. அடுத்தது சிவஞானச்செல்வத்தினது.
எல்லைக்கு நின்ற பாலையைப் பங்கருக்குத் தறித்தாயிற்று.
கதியால் எரிந்தது, உறுதியும் எரிந்தது.
மிஞ்சியது ஒரு மூலைக்கல்.
"என்ர வடக்குக் குறைஞ்சு போச்சு" என்கிறா அவ.
"குறைஞ்சது என்ர கிழக்கெல்லோ" என்கிறார் இவர்.
நிலம் நீளாது, சுருங்காது என்றேன்,
அரசாங்கச் சம்பளம் வாங்கும் குரலில்.

மாசியில், முல்லைத்தீவு பஸ்ஸில், போனில் படித்தேன்.
நான் சொன்னது பிழை.

இரண்டு கருந்துளைகள்.
ஒன்று முப்பத்தாறு சூரியன் எடை, மற்றது இருபத்தொன்பது.
பெரியதன் நடுவை உடையார்கட்டில் இறக்கிவைத்தால்
விளிம்பு திருகோணமலைக்குக் கிட்டப் போய் முடியும்.
அதற்குள் முப்பத்தாறு சூரியன்!
சுற்றச் சுற்ற இழந்தன,
இழக்க இழக்க நெருங்கின,
நெருங்க நெருங்க விரைந்தன.
கடைசியில் ஒளியின் பாதி வேகம்.
பிறகு, ஒன்று.

நடந்தது நூற்று முப்பது கோடி ஆண்டுக்கு முன்.
அப்போது இங்கே காணியும் இல்லை,
சண்டைபிடிக்க வாயுள்ள உயிரும் இல்லை.
புறப்பட்ட அதிர்வைத் தூசு மறிக்கவில்லை,
நட்சத்திரம் மறிக்கவில்லை;
எந்தச் சாவடியிலும் இறங்கி நடக்காமல் வந்து
அந்தத் திங்கள் பின்னேரம் மூன்று இருபதுக்குப்
பூமிக்குள்ளால் போனது.
மூலைக்கல்லுக்குள்ளால்,
எனக்குள்ளால்,
கபிலராஜின் சண்டைக்குள்ளால்.

குளத்தில் கல் விழுந்த அலை மாதிரி என்று எழுதியிருந்தார்கள்.
எனக்கு அது சரிவரவில்லை.
குளத்தில் ஆடுவது தண்ணீர்.
இங்கே ஆடுவது தூரம்.
மூலையிலிருந்து ஒரு பக்கம் நீள, மற்றப் பக்கம் குறுகும்;
கண் இமைக்க முன் மாறி
அது குறுக, இது நீளும்.

நாடாவும் கூடவே நீண்டால் எதைக்கொண்டு அளப்பது?
அதற்குத்தான் அமெரிக்காவில்
நாலு கிலோமீற்றர்க் கைகள் இரண்டைச் செங்கோணத்தில் நீட்டி
ஒரே லேசரைப் பிரித்து அனுப்பி, கண்ணாடியில் திருப்பி,
எந்தக் கை பிந்தியது என்று கேட்கிறார்கள்.
கபிலராஜும் நானும் செய்யும் வேலைதான்.
என் கருவி இரண்டு மில்லிமீற்றர் பிழை விடும்.
அவர்கள் பிடித்தது
ஒரு புரோத்தன் அகலத்தில் முந்நூறில் ஒன்றுக்கும் குறைவு.

ஆக, புஸ்பமலர் சொன்னது சரி.
செல்வம் சொன்னதும் சரி.
ஐந்திலொரு நொடிக்கு.

அதிர்வைச் சத்தமாக்கியும் போட்டிருந்தார்கள்.
குழாயடியில் குடம் நிரம்பும்போது
அடியில் முழங்கி, மெலிந்து மேலேறி,
கழுத்தைத் தொட்டதும் நின்றுவிடுமே,
அந்தக் குரல்.
பஸ் இரைச்சலில் ஏழு தரம் கேட்டேன்.

முப்பத்தாறும் இருபத்தொன்பதும் அறுபத்தைந்து.
சேர்ந்தபின் மிச்சம் அறுபத்திரண்டு.
சுற்றி அளந்துவந்து
தொடங்கிய கல்லிலேயே சேராவிட்டால்
மூடாத அளவு என்போம் எங்கள் தொழிலில்.
மூன்று சூரியன் எங்கே?
அலையாகப் போனது. எடைதான் அதிர்வானது.
அங்கே கணக்கு மூடுகிறது.

புஸ்பமலரின் குடும்பப் படிவம் என் கோப்பில் இருக்கிறது.
பெயர்கள் ஏழு, ஒப்பங்கள் நாலு.
அதன் பக்கத்தில் நான் எந்தச் சமன்பாடும் எழுதவில்லை.

பக்கம் 41இல், 112.436க்கு மேல்
பென்சிலால் ஒரு சிறு வட்டம் மட்டும் போட்டேன்.
மேலிடம் கேட்டால் தேத்தண்ணிக் கறை என்பேன்.
கபிலராஜுக்கு முழுவதும் சொன்னேன்.
கேட்டு முடித்து, கோலைத் துடைத்தபடி,
"அப்ப அண்டைக்கு ஆட்டினது நானில்லை எண்டு
இப்பவாவது நம்புறியளோ மிஸ்?" என்றான்.